தமிழில் நூல் மதிப்புரை: பாயிரம் முதல் அஞ்சலட்டை வரை

முன்னுரை

ஒரு நூலைப் படித்து முடித்தவர் அதைப் பற்றித் தாம் நினைப்பதைப் பிறருக்குச் சொல்வது மதிப்புரை. நாவல், கவிதை, வரலாறு, தன்வரலாறு, அறிவியல் என எந்த வகை நூலைப் படித்தாலும் அதைப் பற்றி நான்கு வரி எழுதிப் பலர் பார்வைக்கு வைக்க இன்று யாராலும் முடிகிறது. இந்த உரிமை வாசகருக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. நூலைப் பற்றி யார் பேசலாம், புகழ்ந்து மட்டும்தான் பேசலாமா, குறை சொல்வதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்விகள் தமிழில் பல நூற்றாண்டுகளாக எழுந்து வந்திருக்கின்றன. ஒவ்வொரு காலத்திலும் அவற்றுக்கு வேறு வேறு விடைகள் சொல்லப்பட்டன. அந்த விடைகளின் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகத் தொகுத்துக் கூறுகிறது.

ஊமைச் சிறுவனின் தீர்ப்பு

தமிழில் நூலை மதிப்பிட்டது பற்றிய பழைய கதைகளுள் ஒன்று இறையனார் களவியல் உரையில் இடம்பெறுகிறது. இறையனார் அருளியதாகச் சொல்லப்படும் அறுபது நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர்கள் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்று அவர்களுக்குள் முடிவுக்கு வர இயலவில்லை. அப்போது உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைச் சிறுவனை நடுவனாக அமர்த்தி, உரைகளை ஒவ்வொன்றாக அவன் முன் வாசித்தனர். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சில இடங்களில் அவன் மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தான். அதனால் நக்கீரர் உரையே மெய்யுரை என்று ஏற்கப்பட்டது.

இது வரலாற்று நிகழ்ச்சி அன்று, மரபுக்கதை. ஆனால் இக்கதையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. கற்றோர் கூட்டம் தம்முள் உடன்பட முடியாத நிலையில், இலக்கணம் பேசத் தெரியாத, வாயே திறக்க முடியாத ஒரு குழந்தையின் மனம் நெகிழ்ந்ததே சான்றாகக் கொள்ளப்பட்டது. வாசகனின் அனுபவம் புலமைக்கு மேலான சான்றாகலாம் என்ற எண்ணம் தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பதை இதனால் அறியலாம். எனினும் நடைமுறையில் மரபு சென்ற வழி வேறு.

பாயிரமும் அரங்கேற்றமும்

பழங்காலத்தில் நூலைப் பற்றிய முதல் கருத்துரை நூலுக்குள்ளேயே இருந்தது. அதுவே சிறப்புப்பாயிரம். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரம் செய்தார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறியதை அப்பாயிரம் தெரிவிக்கிறது. நூலை எழுதியவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைச் சொல்வது பாயிரத்தின் கடமை. இன்றைய மதிப்புரையின் முதல் பத்தியும் ஏறத்தாழ இச்செய்திகளைத்தான் தருகிறது.

பாயிரம் யார் எழுதலாம் என்பதற்கும் நன்னூல் விதி வகுத்தது. நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணவர், தகுதியான உரைகாரர் ஆகியோர் எழுதலாம். ஆசிரியர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது பொதுவாகத் தகாது என்பதால் வேறொருவர் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த நால்வருமே நூலாசிரியருக்கு நெருக்கமானவர்கள். தொடர்பில்லாத ஒரு வாசகனுக்கு இப்பட்டியலில் இடமில்லை. ஆகவே பாயிரம் பெரும்பாலும் புகழுரையாகவே நின்றது. திருக்குறளைப் புகழும் திருவள்ளுவ மாலை இவ்வகைப் புகழுரையின் உச்சம் எனலாம்.

ஆனால் குறை காணும் கருவிகளையும் அதே நன்னூல் தந்திருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், வேண்டிய பத்து அழகுகளையும் அது வரிசைப்படுத்துகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் போன்றவை குற்றங்களுள் சில. நன்றாகத் தொடங்கிப் பாதிக்கு மேல் இளைத்துப்போகும் ஒரு தற்கால நாவலைப் பற்றிப் பேச, சென்று தேய்ந்து இறுதல் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. கருவி பழையது, அதை எடுத்துப் பயன்படுத்தும் உரிமைதான் எல்லோருக்கும் இல்லாமல் இருந்தது.

அச்சு வந்த பின்: சாற்றுகவியும் கண்டனமும்

1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானது. எனினும் அச்சகம் இந்தியர் கைக்குப் பரவலாக வந்தது 1835-இல் அச்சுக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகே. அதன்பின் நூல்கள் பெருகின. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) போன்ற பெரும்புலவர்களிடம் சாற்றுகவி பெற்று நூலின் முகப்பில் அச்சிடுவது வழக்கமாயிற்று. சில நூல்களில் சாற்றுகவிகளே பல பக்கங்களுக்கு நீண்டன.

புகழ்ச்சிக்கு எதிர்முனையில் கண்டன நூல்கள் தோன்றின. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தபோது, அப்பெயர் அவற்றுக்குப் பொருந்தாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். 1869-இல் போலியருட்பா மறுப்பு வெளியாயிற்று. இரு தரப்பிலும் கண்டனங்களும் மறுப்புகளும் அச்சேறின. பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்பா தரப்பில் செய்குத்தம்பிப் பாவலரும் மருட்பா தரப்பில் நா. கதிரைவேற்பிள்ளையும் நின்று அப்போரைத் தொடர்ந்தனர்.

1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் கண்டனத்துக்குத் தப்பவில்லை. தம் பதிப்பைத் தாக்கி எழுதப்பட்டவற்றை அவர் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாசகர் முன் இரண்டு குரல்களே இருந்தன: ஒன்று முழுப் புகழ்ச்சி; மற்றொன்று முழுக் கண்டனம். ஒரு நூலில் நல்லதும் அல்லதும் கலந்திருக்கலாம், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம் என்ற நடுவழி இன்னும் வலுப்பெறவில்லை.

நாவல் எழுப்பிய சிக்கல்

புதிய இலக்கிய வகை ஒன்று வரும்போதெல்லாம் பழைய அளவுகோல் போதாமல் போகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898-இல் வந்தது. எதுகை மோனையும் அணியும் பார்த்துப் பழகியவர்களுக்கு உரைநடைக் கதையை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. நீதி புகட்டுகிறதா, பொழுதுபோக உதவுகிறதா என்ற இரண்டு கேள்விகளே முதலில் கேட்கப்பட்டன. பாத்திரம், உரையாடல், சூழல், நம்பகத்தன்மை என்ற சொற்கள் மெல்ல மெல்லப் புழக்கத்துக்கு வந்தன.

இதற்கிடையில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்களை மக்கள் விரும்பி வாங்கினர். வை.மு. கோதைநாயகி 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தித் தம் நாவல்களை அதில் வெளியிட்டார். பெண் வாசகர்கள் அவருக்குப் பெருமளவில் இருந்தனர். ஆனால் இந்த வாசகர்கள் அந்த நூல்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது மிகக் குறைவாகவே எழுத்தில் பதிவாயிற்று. பிற்காலத் திறனாய்வாளர்கள் அந்நாவல்களை ஒரு பத்தியில் ஒதுக்கிவிட்டுச் சென்றனர். கருத்தைப் பதிவு செய்யாத வாசகரின் ரசனை வரலாற்றில் இல்லாமல் போய்விடும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

பாரதி மகாகவியா?

1930-களில் இதழ்கள் பெருகியபோது நூல் பற்றிய விவாதம் பொதுமக்கள் கண் முன் நடக்கத் தொடங்கியது. அவற்றுள் முதன்மையானது பாரதி பற்றியது. பாரதி மகாகவி என்று வ.ரா. வாதிட்டார். பாரதி சிறந்த தேசியக் கவி. ஆனால் உலகப் பெருங்கவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்ற கருத்தில் கல்கி ஆனந்த விகடனில் எழுதினார். அதற்கு மறுமொழியாகக் கு.ப. ராஜகோபாலனும் சிட்டி என்ற பெ.கோ. சுந்தரராஜனும் கட்டுரைகள் எழுதினர். அவை கண்ணன் என் கவி என்ற நூலாக 1937-இல் வந்தன.

இவ்விவாதத்தின் பயன் இரண்டு. முதலாவது, ஒரு கவிஞரைப் பெரியவர் என்று சொல்வதானால் அவருடைய வரிகளை எடுத்துக்காட்டிக் காரணம் கூற வேண்டும் என்ற பழக்கம் வேரூன்றியது. இரண்டாவது, கருத்து மாறலாம் என்பதை வாசகர்கள் கண்டனர். அன்று மகாகவி என ஏற்க மறுத்த அதே கல்கிதான் பின்னாளில் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்றார். அம்மண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது. ஒருமுறை சொன்னதையே சாகும்வரை காக்க வேண்டும் என்ற கட்டாயம் வாசகனுக்கு இல்லை.

ரசனை ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம்

குற்றாலத்தில் வாழ்ந்த டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) ரசிகமணி என்று அழைக்கப்பட்டவர். நண்பர்கள் கூடிய அவருடைய வட்டத்தொட்டியில் பாடலை வாய்விட்டுப் படித்து, அதன் தாளத்தையும் உணர்ச்சியையும் சுவைப்பதே முறை. அகராதிப் புலமையை நம்பியிருந்த காலத்தில், பாட்டு மனத்தைத் தொட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது பலரைக் கம்பனிடம் அழைத்து வந்தது. அதே வேளையில், தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று அவர் விலக்கியதும், பாடங்களைத் திருத்தியதும் கடும் எதிர்ப்பைப் பெற்றன. எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. இது கவிஞர் எழுதியதே இல்லை என்பது வேறு. முன்னதற்கு வாசகனின் மனமே போதும். பின்னதற்கு ஏட்டுச்சான்று வேண்டும்.

அதே காலத்தில் நூல் மதிப்பீடு அரசியல் மேடைக்கும் வந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் கூறினர். இதையொட்டி 1943-இல் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் அண்ணா சொற்போர் நடத்தினார். அந்த உரைகள் தீ பரவட்டும் என்ற பெயரில் நூலாயின. ஒரு காப்பியத்தின் கவிநயத்தை மட்டும் பார்த்தால் போதுமா, அது சமூகத்தில் எதை நிலைநிறுத்துகிறது என்றும் பார்க்க வேண்டுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும், ஒரு பழம்பெரும் நூலைக் கேள்விக்கு உட்படுத்துவதைப் பொதுமக்கள் அரங்கில் அமர்ந்து கேட்ட நிகழ்ச்சி அது.

க.நா.சு.வும் செல்லப்பாவும்

நூல் கருத்துரையைத் தனி இலக்கிய வேலையாக ஆக்கியவர்களுள் க.நா. சுப்ரமண்யம் (1912-1988) முதன்மையானவர். 1950-களில் படித்திருக்கிறீர்களா? என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகள், நல்ல நூல் ஒன்றை நண்பரிடம் எடுத்து நீட்டுவது போன்றவை. கதைச் சுருக்கம் குறைவு. ஏன் படிக்க வேண்டும் என்ற காரணம் மிகுதி. முதல் ஐந்து தமிழ் நாவல்கள் என்ற நூலில், பலர் மறந்துவிட்ட தொடக்ககால நாவல்களை மீண்டும் வாசகர் முன் வைத்தார். பிற மொழி நாவல்களைத் தமிழாக்கி, ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பையும் உண்டாக்கினார். பட்டியல் போடுகிறார், காரணம் விரித்துச் சொல்வதில்லை என்ற குறையும் அவர் மீது சொல்லப்பட்டது.

அந்தக் குறையை நிறைக்க முயன்றவர் சி.சு. செல்லப்பா (1912-1998). 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய எழுத்து இதழ் விமர்சனத்துக்கு முதலிடம் தந்தது. ஒரு கதையை வரி வரியாகப் பிரித்து, அதன் கட்டமைப்பையும் சொல்லாட்சியையும் ஆராயும் அலசல் முறையை அவர் கையாண்டார். ந. பிச்சமூர்த்தி வழியில் வந்த புதுக்கவிதையை யாப்பிலக்கணத்தால் அளக்க முடியாது என்றான நிலையில், அதைப் படிக்கும் முறையையும் அவ்விதழே கற்பித்தது. 1962-இல் புதுக்குரல்கள் தொகுப்பு வெளிவந்தது. செல்லப்பா தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்றார். 119 இதழ்களுடன் 1970-இல் எழுத்து நின்றது.

சமூகம் பார்க்கும் கண்

ஈழத்தில் க. கைலாசபதி (1933-1982), கா. சிவத்தம்பி (1932-2011) ஆகியோர் வேறொரு வழியைக் காட்டினர். ஒரு நாவல் எந்தச் சமூகச் சூழலில், எந்த வகுப்பாரின் வாழ்விலிருந்து பிறந்தது என்று கேட்காமல் அதை மதிப்பிட இயலாது என்றனர். கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் 1968-இல் வந்தது. அதை மறுத்து வெங்கட் சாமிநாதன் மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல் என்ற நீண்ட கட்டுரையை எழுதினார். தனி மனிதனின் கலையனுபவமா, சமூகப் பின்னணியா என்ற இந்த விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு நூலுக்கு ஒரே சரியான மதிப்புரை இருக்க முடியாது என்ற தெளிவை அது மாணவர்களுக்குத் தருகிறது.

அஞ்சலட்டையில் ஒரு மதிப்புரை

மதிப்புரைக்கு நூலின் இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது தமிழ் இதழ்களின் நெடுநாள் வழக்கம். அப்படி அனுப்பப்பட்ட நூல்கள் பலவற்றுக்கு, பெயரும் விலையும் பக்க எண்ணிக்கையும் மட்டும் அடங்கிய நூல் வரவுப் பட்டியலில் ஒரு வரி கிடைத்தது. சிற்றூரில் இருந்து முதல் தொகுப்பை வெளியிட்ட ஓர் இளைஞருக்கு அந்த ஒரு வரிகூடப் பல நேரங்களில் வாய்க்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் தி.க. சிவசங்கரன் என்ற தி.க.சி. (1925-2014) குறிப்பிடத்தக்கவர். தாமரை இதழின் ஆசிரியராக இருந்து புதியவர்கள் பலரை எழுத வைத்தவர். பிற்காலத்தில் திருநெல்வேலியில் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்த தம் வீட்டிலிருந்து, இதழ்களிலும் நூல்களிலும் தாம் படித்தவற்றைப் பற்றி எழுதியவர்களுக்கே அஞ்சலட்டையில் கருத்து எழுதி அனுப்பி வந்தார். முன்பின் அறியாத எழுத்தாளருக்கும் அவர் அட்டை போய்ச் சேரும். வல்லிக்கண்ணனும் (1920-2006) இவ்வாறே ஏராளமான கடிதங்கள் எழுதினார். விமர்சனங்கள், மதிப்புரைகள், பேட்டிகள் என்ற தி.க.சி.யின் நூலுக்கு 2000-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மதிப்புரையும் இலக்கியப் பணியே என்பதற்குக் கிடைத்த ஒப்புதலாக அதைக் கொள்ளலாம்.

பொது வாசகரிடம் நூல்களைக் கொண்டு சேர்த்ததில் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. 1965-இல் தொடங்கிய கணையாழியின் கடைசிப் பக்கத்தில் அவர் கவிதை, நாடகம், அறிவியல், பழந்தமிழ் இலக்கியம் எனப் பலவற்றையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினார். பல துறை நூல்களைப் படிக்கும் ஒருவர் எளிய நடையில் கருத்துச் சொல்லலாம் என்ற இன்றைய வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி.

அழிந்தவையும் எஞ்சியவையும்

நூல்கள் நூலகத்தில் தங்குகின்றன. மதிப்புரைகள் இதழோடு பழைய தாள் கடைக்குப் போய்விடுகின்றன. தமிழ் நூல்கள் பலவற்றை முதலில் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்று அறிய முடியாமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பழைய இதழ்களும் ஏடுகளும் சாம்பலாயின. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டி வைத்த நூல்களும் இதழ்களும் 1990-களில் சென்னையில் ஆய்வு நூலகமாக ஆனதால் தப்பின. ஈழத்து வெளியீடுகளை நூலகம் என்ற இணையத் திட்டம் 2005 முதல் மின்னாக்கம் செய்து வருகிறது. ஒரு நாவல் வெளிவந்த ஆண்டில் அது எப்படி வரவேற்கப்பட்டது என்று ஆராயும் மாணவர், நாவலை மட்டும் படித்தால் போதாது. இத்தகைய சேகரங்களில் உள்ள இதழ்களையும் புரட்ட வேண்டும்.

முடிவுரை

பாயிரத்தில் ஆசிரியரும் மாணவரும் பேசினர். அச்சுக்காலத்தில் சாற்றுகவியும் கண்டனமும் மோதிக்கொண்டன. இதழ்க்காலத்தில் காரணம் கூறும் பழக்கம் வந்தது. அஞ்சலட்டைக் காலத்தில் படித்தவர் எழுதியவருடன் நேராகப் பேசினார். இன்று யாரும் எழுதலாம் என்ற நிலையில், பழைய இரு முனைகளும் மீண்டும் தலைகாட்டுகின்றன: அறிந்தவர் நூல் என்றால் சாற்றுகவி, ஆகாதவர் நூல் என்றால் கண்டனம். இவற்றுக்கு நடுவே நின்று எழுதுவது கடினம். ஆனால் பிற்காலத்தாருக்குப் பயன்படுவது அதுவே.

அப்படி எழுத விரும்பும் மாணவர் சிலவற்றை நினைவில் வைக்கலாம். நூலை முழுவதும் படித்த பின்பே எழுத வேண்டும். நாவலைக் கட்டுரையின் அளவுகோலாலும், கவிதையை வரலாற்றின் அளவுகோலாலும் அளக்கக் கூடாது. வரலாற்று நூல் என்றால் சான்றுகளைப் பார்க்க வேண்டும். தன்வரலாறு என்றால் ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் தமிழ் இயல்பாக ஓடுகிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கத்தில், எதனால் என்று காட்ட வேண்டும். ஆசிரியரை அறிந்தவரானால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எழுதிய நாளைக் குறித்து வைப்பதும் நல்லது. பத்தாண்டு கழித்து அதே நூலைப் படிக்கும்போது கருத்து மாறியிருந்தால், மாறியது நூலன்று என்பது அப்போது புரியும்.

உருத்திரசன்மனுக்குச் சொல்ல வாயில்லை. கண்ணீர் மட்டும் இருந்தது. இன்றைய வாசகருக்கு இரண்டும் இருக்கின்றன.